வியாழக்கிழமைப் பழுது

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கம்பெனி மூன்று பொருள் கொடுத்திருக்கும். தலைக்கு ஹெல்மெட், தோளுக்கு லேப்டாப், கைக்கு ஒரு சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகம். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும். லேப்டாப் மானத்தைக் காப்பாற்றும். ஒன்றுமே புரியாதபோது அதைத் திறந்து வைத்து உற்றுப் பார்த்தால் போதும், சுற்றி நிற்பவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். மூன்றில் ஆபத்தானது அந்த ரிப்போர்ட் புத்தகம்தான். அதில் ஒரு கட்டத்தில் டிக் அடித்து ஒரு மனுஷனை வேலையை விட்டு அனுப்பிவிடலாம். நான் கிட்டத்தட்ட அனுப்பிவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரன். தொண்ணூற்று ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது, மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரில் பழுது என்றால் எண்ணெய் ஒழுகும், இல்லையென்றால் புகை வரும், அதுவும் இல்லையென்றால் எங்கேயாவது கடகடவென்று சத்தம் கேட்கும். மெஷினே நம் கையைப் பிடித்து வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டிவிடும். நமக்குத் தேவை ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும்தான்.

இரண்டாயிரம் பிறந்ததும் பெங்களூரைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஐ.டி. கம்பெனிக்குப் பள்ளம், அபார்ட்மெண்டுக்குப் பள்ளம், கார் நிறுத்தும் பள்ளத்துக்குக் கீழே இன்னொரு பள்ளம். புது மெஷின் வாங்க வசதியில்லாதவர்களுக்காக, ஜப்பானில் ஓடிக் களைத்த பழைய மெஷின்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. அவற்றை வாங்கி, பெயின்ட் அடித்து, ஆறு மாதக் கியாரண்டியோடு விற்பதுதான் எங்கள் கம்பெனியின் வியாபாரம். விற்ற பிறகு ஓட வைப்பது என் வேலை.

அந்த மெஷின்களுக்குள் கம்ப்யூட்டர் இருந்தது. எஞ்சினுக்கு ஒன்று, ஹைட்ராலிக் பம்புக்கு ஒன்று, கேபினில் ஆபரேட்டர் கண்ணெதிரே மானிட்டர் ஒன்று. மூன்றும் இரண்டு மெல்லிய ஒயர்கள் வழியாக ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி அறுந்தால் மெஷின் பயந்துகொண்டு எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடும். எஞ்சின் முனகும், பக்கெட் மண்ணில் குத்தியபடி நிற்கும், மானிட்டரில் ஒரு எச்சரிக்கை வரும். எண்ணெய் ஒழுகாது, புகை வராது. ஒயரிங்கைத் திறந்து பார்த்தால், நமக்கு முன்னால் அதைத் தொட்ட ஒவ்வொரு மெக்கானிக்கும் ஆளுக்கொரு நிறத்தில் டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பான். அதில் எது நோய், எது வைத்தியம் என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்குத் தலை சுற்றும்.

முனிராஜு என்ற கான்ட்ராக்டர் எங்களிடம் அப்படி ஒரு மெஷின் வாங்கினார். அதுவரை டிராக்டரும் லாரியும் வைத்திருந்தவர். எக்ஸ்கவேட்டர் வாங்குவது அதுதான் முதல் தடவை. பழைய மெட்ராஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு அபார்ட்மெண்டுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், ஆனால் எங்களோடு பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் கலந்து ஒரு வழியாகச் சமாளிப்பார். பக்திமான். சைட் ஆபீஸ் என்ற அந்தத் தகரக் கொட்டகைக்குள் சாமி படங்களுக்குப் போக மிச்சமிருந்த இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருப்பார்.

மெஷினை ஓட்டியவர் அந்தோணி, விவேக் நகர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, அதிகம் பேச மாட்டார். பதினைந்து வருஷமாகக் கேபினில்தான் பிழைப்பு. மானிட்டரில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. எங்களுக்கே அது புரியாது. மொழிபெயர்ப்பு ஜெராக்ஸ் ஒன்றை மடித்துப் பையில் வைத்திருப்போம். அந்தோணி ஜெராக்ஸ் இல்லாமலேயே படித்துவிடுவார். ஏணி மாதிரி ஒரு எழுத்தும் பக்கத்தில் விரித்த குடை மாதிரி ஒரு எழுத்தும் வந்தால் பம்பு கம்ப்யூட்டரிடமிருந்து செய்தி வரவில்லை என்று அர்த்தம். அவர் போனில் ஏணி, குடை என்று சொன்னால் நான் ஜெராக்ஸில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். சம்பளம் மட்டும் எனக்குத்தான் அதிகம்.

முதல் புகார் வந்தபோது மெஷின் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏணியும் குடையும் வந்து எஞ்சின் முனகிவிட்டதாம், பாதி நாள் வேலை போச்சாம். நான் மறுநாள் போனேன். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டு நன்றாகத் தோண்டியது. கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், எர்த் ஒயரை இறுக்கினேன், லேப்டாப்பை மூடி சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அதே புகார். போனேன், ஒன்றுமில்லை. அதற்கும் அடுத்த வாரம் அதே கதை. நான் போனால் மெஷின் நல்ல பிள்ளை, என் பைக் கேட்டைத் தாண்டிய அடுத்த சில நாளில் பழையபடி படுத்துவிடும்.

மூன்றாவது தடவை முனிராஜு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நோடி சார், குருவாரம் ஆனா இந்த மெஷினுக்கு என்னமோ ஆகுது."

நோடி என்றால் பாருங்கள், குருவாரம் என்றால் வியாழக்கிழமை. ஜோசியரிடம் காட்டினாராம். மெஷின் வந்து இறங்கிய நாளும் நேரமும் குருவுக்கு ஆகாதாம். ஏற்கெனவே பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது, பக்கெட்டின் பற்களில் எலுமிச்சம்பழமும் குத்தியாகிவிட்டது. மெஷினை இரவில் எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்பதில் மட்டும் ஜோசியருக்கும் அவருடைய மச்சானுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாம். நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டேன். ஆபீசுக்கு வந்து நடித்துக் காட்டினேன். இரண்டு நாள் டீ வேளைக்கு அதுதான் எங்களுக்குச் சிரிப்பு.

அவர் ஒரு தகவலும் ஒரு விளக்கமும் கொடுத்திருந்தார். தகவல், வியாழக்கிழமை. விளக்கம், குரு பகவான். விளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தகவலையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன். அறிவுள்ளவர்கள் என்று தங்களை நினைத்துக்கொள்பவர்கள் செய்யும் தவறு இது. படிக்காதவர்கள் இதைச் செய்வதில்லை.

புகார் தொடர்ந்ததும் ஹெட் ஆபீசிலிருந்து நிபுணர் ஒருவர் விமானத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். அவர் லேப்டாப் என்னுடையதைவிடப் பெரியது. முதல் நாள் பம்பு கம்ப்யூட்டரை மாற்றினார், இரண்டாம் நாள் மானிட்டரை மாற்றினார். இரண்டும் வேறொரு பழைய மெஷினிலிருந்து கழற்றியவை. அந்த மெஷின் ஏன் நின்றுபோனது என்று யாரும் கேட்கவில்லை. நிபுணர் கிளம்பிய வாரமே பழுது திரும்பி வந்தது. இந்தத் தடவை செவ்வாய்க்கிழமையும் வந்தது, வியாழக்கிழமையும் வந்தது. முனிராஜு இரண்டாவதாக ஒரு ஜோசியரைப் பிடித்தார்.

நிபுணர் மறுபடி வந்தார். வாடிக்கையாளரின் மூடநம்பிக்கையை அறிவியல்படி ஒரே நாளில் ஒழித்துவிடலாம் என்றார். முன்கூட்டியே போன் செய்து நாள் குறித்து, ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை நாங்கள் மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அந்தோணி ஓட்டினார். ஏணி வரவில்லை, குடை வரவில்லை. மெஷின் அன்று தோண்டின மாதிரி அதற்கு முன்னும் பின்னும் தோண்டியதில்லை. வியாழக்கிழமைக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. முனிராஜு மட்டும் குரு பகவானுக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியும் என்று முணுமுணுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தகரக் கொட்டகையில் கூட்டம். நிபுணர், எங்கள் மேனேஜர், முனிராஜு, நான். நிபுணர் வெள்ளைத் தாளில் கோடு கிழித்து விளக்கினார். நாம் இருந்தால் பழுது வருவதில்லை, நாம் இல்லாவிட்டால் வருகிறது, நாம் இல்லாதபோது மெஷினோடு இருப்பது ஒரே ஒரு ஆள். கணக்கு நேராக வந்து நின்றது. ஓய்வு வேண்டுமென்றால் சாவியை அரைகுறையாகத் திருப்பி அந்த ஆளே எச்சரிக்கையை வரவழைக்கிறார் என்று நிபுணர் முடிவு சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? கியாரண்டி இன்னும் முடியவில்லை. பழுது மெஷினுடையது என்றால் செலவு கம்பெனிக்கு, ஆளுடையது என்றால் கம்பெனிக்குக் கவலையில்லை.

எங்கள் ரிப்போர்ட்டில் பழுதுக்குக் காரணம் என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள். பாகம் தேய்வு, வெளிச்சேதம், ஆபரேட்டர் தவறு, மற்றவை. மற்றவையில் டிக் அடித்தால் தனித்தாளில் விளக்கம் எழுத வேண்டும். அதனால் எங்கள் கம்பெனியின் சரித்திரத்தில் எந்தப் பழுதுக்கும் மற்றவை காரணமாக இருந்ததில்லை. சர்வீஸ் இன்ஜினியர் என்ற முறையில் கையெழுத்து என்னுடையதுதான் வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. பதினைந்து வருஷம் ஓட்டியவர், ஓய்வு வேண்டுமென்றால் இறங்கி ஒரு பீடி பிடித்தால் போதுமே என்று தோன்றியது. ஆனால் நிபுணருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது, மேனேஜர் பேனாவைத் திறந்து நீட்டிவிட்டார். மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். தகரக் கதவு திறந்துதான் இருந்தது. வெளியே அந்தோணி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

முனிராஜு அவரைக் கூப்பிட்டு, சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி சொன்னார். இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். மெஷினைக் கெடுக்கிறவன் என்று பெயர் வாங்கினால் அதற்குப் பிறகு ஓசூரிலிருந்து தும்கூர் வரை எந்த முதலாளியும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டான். அதுவும் கம்பெனியே எழுதிக் கொடுத்த பெயர். அதன் கீழே என் கையெழுத்து.

வியாழக்கிழமை காலை லேப்டாப் கேபிள் பையில் இல்லை என்று பார்த்தேன். கொட்டகையிலேயே விட்டிருக்க வேண்டும். அல்சூர் பக்கம் வேறு வேலை இருந்தது, போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் சொல்லாமல் போனேன். அந்தச் சைட்டுக்கு நான் போன் செய்யாமல் போனது அன்று ஒரு நாள்தான்.

சரிவில் இறங்கும்போதே தெரிந்தது. மெஷின் முனகிக்கொண்டிருந்தது, பக்கெட் பாதி மண்ணோடு அந்தரத்தில் நின்றது. கேபின் கண்ணாடிக்குள் சிவப்பும் நீலமுமாக ஏதோ மின்னி மின்னி மறைந்தது. கிட்டே போனேன். மானிட்டருக்கு மேலே ஒரு சின்ன குழந்தை ஏசு சொரூபம், அதைச் சுற்றி ஓடி ஓடி எரியும் சீரியல் செட். மானிட்டரில் ஏணி, பக்கத்தில் குடை. அந்தோணி கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

கதவை நான் தட்டியதும் கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துப் பதறிப்போய், கை தன்னால் போன மாதிரி, சீரியல் செட்டின் பிளக்கைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. மூச்சு விடும் நேரம்தான். எஞ்சின் முனகல் நின்று பழைய வேகத்துக்கு ஏறியது, குடை மறைந்தது, ஏணி மறைந்தது. நாங்கள் இருவரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுபடி போடச் சொன்னேன். போட்டுவிட்டு ஓட்டச் சொன்னேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு விளக்கின் சின்னப் பெட்டி கை வைக்க முடியாதபடி சூடானதும் ஏணி வந்தது. பிடுங்கினேன், போனது. மூன்று தடவை செய்து பார்த்தேன். பிறகு மானிட்டருக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினேன். விளக்குக்காக விவேக் நகரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்த இணைப்பு அங்கே இருந்தது, பழைய டேப்புகளோடு இன்னொரு டேப்பாகச் சுற்றியிருந்ததால் அதுவரை எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. மின்சாரத்தை ஒழுங்காகத்தான் எடுத்திருந்தார். அது திரும்பிப் போக மட்டும், அந்த இரண்டு மெல்லிய ஒயர்களைச் சுற்றிப் பாதுகாப்புக்காகப் பின்னியிருந்த வெறும் கம்பியில் முறுக்கி விட்டிருந்தார். வேலை வெட்டி இல்லாமல் சும்மா கிடக்கும் கம்பி என்று நினைத்திருப்பார். விளக்கு மின்னும்போதெல்லாம் அதன் இரைச்சல் நேராக அந்த ஒயர்களுக்குள் போயிருக்கிறது.

அந்தோணி தினமும் காலையிலும் மாலையிலும் மெஷின் எத்தனை மணி ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பவர். டீசல் கணக்குக்காக முனிராஜு வைத்த வழக்கம். பழுது வந்தால் கம்ப்யூட்டரும் தேதி போடாமல் ஓடிய மணியை மட்டும் குறித்து வைக்கும். லேப்டாப்பில் இருந்த மணிகளை அந்த நோட்டோடு ஒப்பிட்டேன். பத்து நிமிஷ வேலை. முதலில் எல்லாம் வியாழன், பிறகு வியாழனும் செவ்வாயும். இரண்டு ஜோசியர்களும் ஒரு எலுமிச்சம்பழமும் மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது என் லேப்டாப்பிலேயே இருந்திருக்கிறது.

ஏன் அந்தக் கிழமைகள் என்று கேட்டேன். வியாழக்கிழமை குழந்தை ஏசு கோயிலில் நோவேனா என்ற சிறப்பு ஜெபம். சாயங்காலம் வேலை முடித்துப் போவாராம், அதனால் காலையிலிருந்தே மெஷினில் விளக்குப் போடுவாராம். பழுது வர வர முதலாளி திட்ட ஆரம்பித்தார். பயந்துபோய் புனித அந்தோணியாரின் நாளான செவ்வாய்க்கிழமையும் விளக்குப் போட்டிருக்கிறார். பழுது கூடக் கூட பக்தி கூடியது, பக்தி கூடக் கூட பழுது கூடியது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் வாரம் ஏழு நாளும் புனிதர்களுக்கு ஒதுக்கப்பட்டு மெஷின் நிரந்தரமாக நின்றிருக்கும். ஆனால் அன்று அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது சனிக்கிழமை வேண்டாம் என்பதைத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

நாங்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த அந்த வியாழக்கிழமை விளக்கு எங்கே போயிற்று என்று கேட்டேன். அவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுப் பையைக் காட்டினார்.

"நீங்க வர்றீங்கன்னு போன் வந்துச்சுன்னா சாமியைக் கழட்டிப் பையில வெச்சுருவேன் சார். நான் மட்டும் இல்ல. எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். பெங்களூரில் எங்கள் கம்பெனி மெஷின் ஓட்டும் அத்தனை பேரும் என்றார். அப்போதுதான் எனக்கு ஓசூர் ரோட்டு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வருஷம் முன்னால் அங்கே ஒரு ஆபரேட்டர் முருகன் படத்துக்கு விளக்குப் போட்டிருந்தான். நான் கேபினில் ஏறி, எல்லோரும் பார்க்க அந்த ஒயரைப் பிய்த்துச் சேற்றில் எறிந்துவிட்டு, கம்பெனி ஒயரிங்கில் கை வைப்பவன் சொந்த வீட்டுக்குத் தீ வைப்பவன் என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். ரிப்போர்ட்டிலும் எழுதினேன். அந்த ஆளுக்கு ஒரு வாரம் வேலை கொடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் வருகிறேன் என்று போன் வந்தால் ஊரிலிருக்கிற மெஷின்களிலெல்லாம் முருகனும் அம்மனும் மேரி மாதாவும் இறங்கிப் பைக்குள் போய்விடுவார்கள். பழுதுக்குக் காரணமான விளக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார்கள். நான் வந்து லேப்டாப்பைத் திறந்து, ஒன்றுமில்லையே என்று சொல்லிவிட்டுப் போவேன்.

நான் அன்று ஓசூர் ரோட்டில் சொன்னது தவறில்லை. கூடுதல் ஒயர் போட்டால் பழுது வரும் என்றேன், வந்துவிட்டது. அதுதான் கொடுமை. சரியானதை வாய் கிழியக் கத்திச் சொன்னதால், அதே பழுது என் கண்ணில் படாமல் போக நானே வழி செய்திருந்தேன். கேபின் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அந்தோணி, உடம்பு சரியில்லையோ என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. உள்ளபடி எழுதினால், அனுமதியில்லாமல் ஒயரிங்கில் கை வைத்தது ஆபரேட்டர். மூன்றாவது கட்டமே மறுபடி சரியாகிவிடும். முன்பு பொய்க் காரணத்துக்காகப் போகவிருந்த வேலை இப்போது ஆதாரத்தோடு போகும். எழுதாமல் ஒயரைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினால் மெஷின் ஓடும், ஆனால் சனிக்கிழமை மாறாது, அந்தோணி போன பிறகு மெஷின் சரியாகிவிட்டது என்று நிபுணரின் கணக்கு இன்னும் பலமாகிவிடும். மேலே, பள்ளத்தின் விளிம்பில் முனிராஜுவின் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யோசிக்க எனக்கு இருந்த நேரம், அவர் சரிவில் இறங்கி வரும் நேரம்தான்.

அவர் வந்ததும் அவருக்கு நன்றாகப் புரியட்டும் என்று கன்னடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சாமி விளக்கு என்றேன். தப்பாக இணைத்தது ஒரு எலக்ட்ரீஷியன் என்றேன். எங்கள் கண்ணில் படாமல் அதை மறைக்க வைத்தது ஓசூர் ரோட்டில் நான் போட்ட சத்தம் என்றேன். பார்க்காததைப் பார்த்த மாதிரி செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டதும் நான்தான், ஆபரேட்டர் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை என்றேன். நிபுணருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், மேனேஜர் என்ன சொல்வார் என்பதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் மனதில் வந்தது.

முனிராஜு எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படுவார் என்று நின்றிருந்தேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"அப்போ குருவாரம்னு நான் சொன்னது சரிதானே?"

சரிதான் என்றேன்.

"ஜோசியர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. கம்ப்யூட்டர் வெச்சுருக்கிற நீங்க மட்டும்தான் தப்பு. ஹௌதா, இல்வா?"

ஆமாவா இல்லையா என்கிறார். அதற்கும் ஆமாம் என்றேன். வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. சாமிக்கு விளக்குப் போட்டவனை வேலையை விட்டு நிறுத்தினால் அந்தப் பாவம் யாருக்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார். சனிக்கிழமை பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது. கொட்டகைக்குத் திரும்பிப் போகும்போதே மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார். விளக்கை எடுக்கக் கூடாது, பழுதும் வரக் கூடாது, அது உங்கள் பாடு என்று எனக்கு உத்தரவு.

மேனேஜரிடம் போய், செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அதற்குப் படிவம் இல்லை என்றார். உண்மைதான். பாகம் தவறாக அனுப்பினால் திரும்பப் பெறப் படிவம் உண்டு, பில் தவறானால் உண்டு, இன்ஜினியர் தவறானால் இல்லை. அதனால் புது ரிப்போர்ட் எழுதினேன். நான்காவது கட்டத்தில் டிக் அடித்து, தனித்தாளில் முதல் வரியாக, நான் இதற்கு முன் கையெழுத்திட்டது தவறு என்று எழுதினேன். அதன் பலனாக, ரிப்போர்ட் எழுதுவது எப்படி என்ற இரண்டு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். பாடம் நடத்தியவர் அதே நிபுணர். அந்த மெஷினையே உதாரணமாக எடுத்து, தாம் கண்டுபிடித்த கதையாக அழகாகச் சொன்னார். நானும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அதற்கெல்லாம் முன்னால், அந்த வியாழக்கிழமை மத்தியானமே விளக்கு வேலையை முடித்துவிட்டேன். பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃப்யூஸ், ஒரு சின்ன ஸ்விட்ச். அந்தப் பின்னிய கம்பியைப் பழையபடி சுத்தம் செய்து மூடினேன். அந்தோணி பக்கத்திலேயே நின்று, கேட்ட ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தார். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு ஓட ஆரம்பித்தது. அரை மணி தாண்டியது, ஒரு மணியும் தாண்டியது. ஏணி வரவில்லை.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் சார் செஞ்சு குடுத்துருக்கீங்க. ஆனா அன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடும்போது நான் வெளியதானே நின்னுட்டு இருந்தேன். உள்ள கூப்ட்டு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மெஷினில் ஏறி வேலையைத் தொடர்ந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது, இனி ஊரே என்னை நம்பும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சைட்டில் நான் பைக்கை நிறுத்தும்போதே கேபினுக்குள் ஒரு கை அவசரமாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அதற்கு அடுத்த சைட்டிலும் அப்படியே. கண்ணாடியில் படம் இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது. நான் ஒயரைப் பிய்த்து எறிந்த செய்தி ஒரே வாரத்தில் பெங்களூரைச் சுற்றி வந்துவிட்டது. திரும்பப் போட்டுக் கொடுத்த செய்திக்கு அவ்வளவு வேகம் இல்லை. அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தூசியில் அந்தச் சதுரத்தைப் பார்த்தால் லேப்டாப்பைத் திறக்க மாட்டேன். ஆபரேட்டரோடு உட்கார்ந்து முதலில் டீ குடிப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து கே.ஆர். புரம் பக்கம் ஒரு சைட்டுக்குப் போனேன். ஆபரேட்டர் எனக்குப் புதுசு. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல அவர் கையும் அம்மன் படத்தை நோக்கிப் போனது. போன கை பாதியில் நின்றது. விவேக் நகர் அந்தோணி அண்ணன் மெஷினில் சாமி விளக்குக்குத் தனி லைன் போட்டுக் கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையை எடுத்துவிட்டு, தன் மெஷினிலும் அப்படி ஒன்று போட முடியுமா என்று கேட்டார். நான் செருப்பைக் கீழே விட்டுவிட்டுக் கேபினில் ஏறினேன்.

வேலை செய்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அந்தோணி அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தார். ஃப்யூஸ் போட்டது, ஸ்விட்ச் போட்டது, முதலாளியிடம் நான் நேருக்கு நேர் பேசியது, எல்லாம். செவ்வாய்க்கிழமை போட்ட கையெழுத்தைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு எத்தனையோ சைட்டுகளில் எத்தனையோ பேரிடம் விசாரித்துப் பார்த்துவிட்டேன். அந்தோணி அதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.